இரக்கம் தவறாகிப்போகும் உலகம்: 'தி கன்ஸ் ஆஃப் நவரோன்' திரைப்படம் குறித்து ஓர் இறையியல் நோக்கு

முன்னுரை

'மிஷன்' என்னும் சொல் நமது திருச்சபைகளில் நெடுங்காலமாகப் புழங்கி வருவது. மிஷன் பள்ளி, மிஷன் ஆஸ்பத்திரி, மிஷன் காம்பவுண்டு என்று கேட்டுப் பழகிய நமக்கு அது வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. 'அனுப்புதல்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்த இது, இறையியலில் முதற்கண் பிதா குமாரனை அனுப்பியதையும், ஆவியானவர் அனுப்பப்பட்டதையுமே குறித்தது. பதினாறாம் நூற்றாண்டில் இயேசு சபையார் தம் ஊழியர்களைத் தொலைநாடுகளுக்கு அனுப்பும் பணிக்கு இதனை வழங்கினர். ஆயினும் நம் சபை வாலிபர் ஒருவரிடம் இன்று 'மிஷன்' என்று சொன்னால், இருளில் படகேறிப் பகைவர் கரையில் இறங்கும் ஐந்தாறு வீரர்களின் உருவமே அவர் மனக்கண்முன் எழக்கூடும். அவ்வுருவத்தை அவருக்குக் கொடுத்தது திருமறையன்று, திரைப்படமே.

ஓர் இறையியல் ஏடு இத்தகைய படத்தை ஆராய்வானேன் என்று சிலர் வினவலாம். உயர்ந்த கலைப்படைப்பு, நாம் ஐயமின்றி நம்புவனவற்றைக் கேள்விக்குட்படுத்துகிறது. அச்சில் வார்த்தெடுத்த கதையோ, நாம் ஐயமின்றி நம்புவனவற்றின்மீதே நின்று நம்மை மகிழ்விக்கிறது. ஆகவே, மக்கள் எதனை உலக நியதியென்று கொண்டிருக்கின்றனர் என்பதை அறியவேண்டுமானால், பின்னதையே நாம் கூர்ந்து நோக்கவேண்டும். இந்நோக்கத்துடன், இரகசியப் போர்ப்பணிக் கதைகளுக்கெல்லாம் ஒருவகையில் முன்மாதிரியாய் நின்ற 'தி கன்ஸ் ஆஃப் நவரோன்' (1961) என்னும் படத்தை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம்.

1. கதையும் அதன் அச்சும்

1943ஆம் ஆண்டு. ஏஜியன் கடலிலுள்ள கெரோஸ் என்னும் தீவில் 2,000 பிரிட்டிஷ் வீரர்கள் சிக்கிக்கொண்டுள்ளனர். அவர்களை மீட்கவரும் போர்க்கப்பல்கள் நவரோன் தீவை ஒட்டியே செல்லவேண்டும். அங்கோ, பாறைக் குகையொன்றினுள் ஜெர்மானியர் இரு பெரும் பீரங்கிகளை நிறுத்தியுள்ளனர். விமானத் தாக்குதலால் அவற்றை அசைக்க இயலவில்லை. எனவே, எவரும் ஏறமுடியாதென்று காவலின்றி விடப்பட்ட செங்குத்துப் பாறைவழியே ஏறிச்சென்று அவற்றைத் தகர்க்கச் சிறு குழுவொன்று அனுப்பப்படுகிறது. மலையேறுவதில் வல்லவரான மாலரி (கிரிகரி பெக்), வெடிமருந்து வல்லுநரான மில்லர் (டேவிட் நிவன்), கிரேக்க வீரரான ஆண்டிரியா (ஆன்டனி குவின்), குழுவின் தலைவர் மேஜர் ஃபிராங்க்ளின் (ஆன்டனி குவேல்) ஆகியோர் இவர்களுள் முக்கியமானவர்கள். நவரோனும் கெரோஸும் கற்பனைத் தீவுகள்.

இயலாத பணி, ஒவ்வொரு துறையிலும் கைதேர்ந்த சிலர், குறிக்கப்பட்ட கெடு, புயல், பிடிபடுதலும் தப்புதலும், உள்ளிருந்தே காட்டிக்கொடுப்பவர், இறுதியில் பெருவெடிப்பு: இதுவே அச்சு. மூலக்கதையை 1957இல் நாவலாக எழுதிய அலிஸ்டர் மக்லீன், 'வேர் ஈகிள்ஸ் டேர்' முதலிய தம் பிற கதைகளிலும் இதனைக் கையாண்டார். 1967இல் வெளிவந்த 'தி டர்ட்டி டசன்' போன்ற படங்களும் ஏறக்குறைய இவ்வச்சினுள்ளேயே அடங்கும்.

மக்லீன் ஸ்காத்லாந்து திருச்சபையின் ஆயர் ஒருவரின் மைந்தர் என்பது நம் வாசகர்க்கு ஆர்வமூட்டும் செய்தி. ஆயர் இல்லத்தில் வளர்ந்து, இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் பணியாற்றி, பின்னர்ப் பள்ளியாசிரியராய் இருந்தவர் அவர். அவருடைய நாவல், துணிவையும் தோழமையையும் பேசும் நேரான சாகசக் கதை. அதில் ஆண்டிரியா மாலரியின் ஐயமற்ற நண்பர். காயமுற்ற இளைஞரான ஸ்டீவன்ஸ், தாமே விரும்பிப் பின்தங்கி, துரத்தி வருவோரைத் தடுத்து உயிர்விடுகிறார். உதவிக்கு வரும் கிரேக்கர் இருவரும் ஆண்கள்.

ஜே. லீ தாம்ஸன் இயக்கிய இப்படத்திற்குத் திரைக்கதை எழுதித் தயாரித்தவர் கார்ல் ஃபோர்மன். 1951இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின்முன் தம் பழைய தோழர்களின் பெயர்களைக் கூற மறுத்தமையால் தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டு, இங்கிலாந்தில் குடியேறியவர் அவர். போரைப்பற்றி ஆழ்ந்த வினாக்களை எழுப்பவேண்டுமென்னும் விருப்பம் அவருக்கு இருந்தது. படத்திலுள்ள அறநெறிச் சிக்கல்கள் பெரும்பாலும் அவர் சேர்த்தவையே. எனவே இப்படம் சிந்தனையற்ற படமன்று. அதன் சிந்தனை எத்தகைய உலகில் நின்று நிகழ்கிறது என்பதே நமது வினா.

2. ஃபிராங்க்ளினும் உரியாவும்

பாறையேறும்போது ஃபிராங்க்ளினின் கால் முறிந்துவிடுகிறது. அவரைச் சுமந்துசெல்வது பணிக்கு இடையூறு. விட்டுச்சென்றால் பகைவர் கையில் சிக்கித் திட்டத்தை வெளியிட்டுவிடுவார். கொன்றுவிடுவதே எளிய வழி என்னும் பேச்சும் எழுகிறது. மாலரி அவரைக் கொல்ல இசையவில்லை. அதற்குப் பதிலாக, திட்டம் மாறிவிட்டதென்றும் தாக்குதல் வேறு வழியாக நிகழப்போகிறதென்றும் அவரிடம் பொய் கூறுகிறார். பின்னர் ஃபிராங்க்ளின் மருத்துவ உதவிக்காக ஜெர்மானியரிடமே விடப்படுகிறார். அவர்கள் உண்மையை வெளிக்கொணரும் மருந்தை அவருக்குச் செலுத்துகின்றனர். அவர் தாம் உண்மையென்று நம்பிய பொய்யைக் கூறுகிறார். காவற்படை வேறு திசையில் விரைகிறது. மாலரி எதிர்பார்த்ததும் இதுவே.

இப்பகுதியைக் காணும் இறையியல் மாணவர் எவருக்கும் 2 சாமுவேல் 11ஆம் அதிகாரம் நினைவுக்கு வரவேண்டும். ஏத்தியனாகிய உரியா, தன் சாவுக்கான கட்டளையைத் தன் கையாலேயே யோவாபிடம் கொண்டுசென்றான். ஃபிராங்க்ளினும் தாம் அறியாத ஒரு நிருபத்தை, கையிலன்றித் தம் நினைவிலேயே சுமந்துசெல்கிறார். தாவீதின் நோக்கம் இழிந்தது, மாலரியின் நோக்கம் உயர்ந்தது என்னும் வேறுபாட்டை நாம் மறைக்கவில்லை. ஆயினும் இரு நிகழ்ச்சிகளிலும் ஒரு மனிதனின் நம்பிக்கையே அவனை வீழ்த்தும் கருவியாக்கப்படுகிறது. உரியா நேர்மையானவனாய் இராதிருந்தால் நிருபத்தைப் பிரித்திருப்பான். ஃபிராங்க்ளின் தம் நண்பரை நம்பாதிருந்தால் பொய் பயன்பட்டிராது.

மில்லர் இதனை உணர்ந்து மாலரியைக் கடிந்துகொள்கிறார். ஒரு நல்ல மனிதரை இவ்வாறு செலவழித்துவிடலாமா என்பதே அவர் வாதத்தின் சாரம். சிறிதுநேரம் நாத்தானின் குரல் படத்தில் ஒலிக்கிறது. ஆனால் அக்குரலுக்கு விடையாக நிறுத்தப்படுவது 2,000 என்னும் எண். ஜனங்கள் அனைவரும் கெட்டுப்போவதைவிட ஒருவன் சாவது நலமென்று வாதிட்ட காய்பாவின் கணக்கு இதுவே (யோவா. 11:50). அந்த 2,000 பேரும் ஒவ்வொருவராய்க் கடவுளின் சாயலைத் தாங்கியவர்கள் என்பதை மறந்து, ஃபிராங்க்ளினுக்காக மட்டும் கண்ணீர் சிந்துவது மலிவான அறமாகும். மாலரியின் இக்கட்டு மெய்யானது. ஆனால் காய்பாவின் கணக்கில் ஒரு குறையுண்டு. கணக்கிடுகிறவன் எப்போதும் கணக்கிற்கு வெளியே நிற்கிறான். சாகவேண்டிய அந்த ஒருவன் எப்போதும் வேறொருவனே.

3. இரக்கத்திற்கு விதிக்கப்பட்ட விலை

ஆண்டிரியா ஏன் மாலரியின்மீது வஞ்சம் கொண்டிருக்கிறார்? போரின் முற்பகுதியில், காயமுற்ற தம் வீரரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய ஜெர்மானியக் குழுவொன்றுக்கு மாலரி வழிவிட்டார். அவர்களோ, விடுபட்டபின் ஆண்டிரியாவின் வீட்டைத் தாக்கி அவர் மனைவியையும் பிள்ளைகளையும் கொன்றனர். அன்றுமுதல் மாலரி தம் இரக்கத்தைத் தம் மடமையென்றே கருதுகிறார். இக்கதை நாவலில் இல்லை, திரைக்கதையாசிரியர் புனைந்தது.

குழுவில் பிரௌன் என்றொருவர் உளர். கத்தியால் கொல்வதில் பேர்பெற்றவர். கொன்று கொன்று சலித்தவர். அவருடைய கை ஓங்கத் தயங்குகிறது. படம் அத்தயக்கத்தைப் பரிவுடனேயே காட்டுகிறது. ஆனால் இறுதிக்கட்டத்தில், பகைவன் ஒருவனைக் குத்தத் தயங்கிய அக்கணமே அவருக்கு முடிவாகிறது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருசேர வைத்து நோக்கின், படத்தின் மறைவான இறையியல் வெளிப்படும். கதையொன்றின் உலகில் அதன் ஆசிரியரே பராமரிப்பாளர். எச்செயலுக்கு எப்பலன் என்பதை நியமிப்பவர் அவரே. விடுவிக்கப்பட்ட ஜெர்மானியர் தம் காயமுற்றோரை மருத்துவமனையிற் சேர்த்துவிட்டுச் சென்றனர் என்றும் அவர் எழுதியிருக்கலாம். அவ்வாறு எழுதினால் கதையின் விசை தளரும். எனவே இரக்கம் தண்டிக்கப்படுகிறது. பின்னர், ஆசிரியர் தாமே நியமித்த அத்தண்டனையைச் சுட்டி, உலகம் இத்தகையது, இங்கே இரக்கத்திற்கு இடமில்லை என்று பாத்திரங்கள் பேசுகின்றன. இவ்வகைக் கதைகளில் 'தேவை' எனப்படுவது பெரும்பாலும் இவ்வாறு உருவாக்கப்பட்டதே. தராசின் ஒரு தட்டில் மறைவாகக் கல்லை வைத்துவிட்டு, எடை பொய்க்காது என்று சொல்வதைப் போன்றது இது.

உலகில் இரக்கம் ஒருபோதும் தீமையில் முடிவதில்லையென்று நாம் கூறவில்லை. சிலுவையைக் கண்ட நாம் அவ்வாறு கூறவும் இயலாது. இரக்கம் துன்புறுகிறதென்பது திருமறைக்கு உடன்பாடே. ஆதலால் இரக்கம் தவறென்பது உடன்பாடன்று. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நம் மக்களின் உள்ளத்திலிருந்து மெல்ல அழித்துவிடும் ஆற்றல் இத்தகைய கதைகளுக்கு உண்டு.

4. அன்னாவும் வீழ்ந்தோரும்

தீவில் குழுவுக்கு உதவ இரு பெண்கள் வருகின்றனர். மரியா (ஐரீன் பாப்பஸ்) உறுதிமிக்க போராளி. அன்னா (ஜியா ஸ்காலா) ஜெர்மானியரின் சித்திரவதையால் பேச்சிழந்தவள் என்று கூறப்படுகிறது. குழுவின் ஒவ்வொரு திட்டமும் முன்னதாகவே பகைவருக்குத் தெரிந்துவிடுவதைக் கவனித்த மில்லர், அவளே காட்டிக்கொடுப்பவள் என்று வெளிப்படுத்துகிறார். அவள் முதுகில் ஒரு தழும்பும் இல்லை. சித்திரவதைக்கு அஞ்சி, அது தொடங்குமுன்னரே இணங்கிவிட்டவள் அவள்.

இங்கே மில்லரின் குரல் மாறுகிறது. ஃபிராங்க்ளினுக்காக வாதிட்டவர், இப்போது அன்னாவைக் கொல்லவேண்டுமென்று மாலரியை நெருக்குகிறார். நாத்தானாய் வந்தவர் தண்டனையைக் கோருபவராகிவிடுகிறார். மாலரி துப்பாக்கியை எடுக்கிறார். ஆனால் சுடுவது மரியா. இதில் ஒரு சாதுரியம் உண்டு. கொலையும் நிறைவேறுகிறது, நாயகனின் கையிலும் இரத்தம் படுவதில்லை. காட்டிக்கொடுக்க மறுத்ததற்காகத் தாமே துன்புற்ற ஒருவர் எழுதிய காட்சி இது என்று எண்ணும்போது, அவர் உள்ளத்து வேதனையை நாம் உணர்ந்துகொள்ளலாம். ஆயினும் அச்சத்தால் வீழ்ந்தவளுக்கு இப்படத்தில் ஒரு தோட்டாவைத் தவிர வேறு மொழியில்லை.

திருச்சபை இதே வினாவை எதிர்கொண்ட வரலாறு உண்டு. கி.பி. 250இல் டீசியஸ் பேரரசனின் ஆணைப்படி அனைவரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெறவேண்டியதாயிற்று. கிறிஸ்தவர்களில் பலர் சித்திரவதைக்கு அஞ்சி இணங்கினர். சிலர் அழைக்கப்படுமுன்னரே ஓடிச்சென்று பலியிட்டனர். துன்புறுத்தல் தணிந்தபின் இவ்வீழ்ந்தோரை என்செய்வது என்னும் வினா எழுந்தது. நோவேஷியன் அவர்களுக்கு இடமில்லையென்றார். கர்த்தேஜின் பேராயரான சிப்பிரியானோ, துன்புறுத்தலின்போது தாமே மறைந்திருந்தவர். எளிதான மன்னிப்பையும் அவர் ஏற்கவில்லை, கதவடைப்பையும் ஏற்கவில்லை. 251இல் கர்த்தேஜில் கூடிய ஆலோசனைச் சங்கம், மனந்திரும்புதலுக்குரிய நீண்ட ஒழுங்கின்வழி அவர்களைச் சேர்த்துக்கொள்ள வகைசெய்தது. தழும்பேறிய உடலோடு சிறையிலிருந்து மீண்டவர்களும், தழும்பில்லாதவர்களும் ஒரே பந்தியில் அமரவேண்டியிருந்தது. அது எளிதாய் இருந்திருக்காது. கரி நெருப்பண்டையில் மறுதலித்த பேதுருவை, மற்றொரு கரி நெருப்பண்டையில் மீண்டும் அழைத்த ஆண்டவரின் திருச்சபை வேறெவ்வாறு செய்யமுடியும்?

போர்க்களத்தில் மாலரிக்கு அவ்வளவு காலம் இல்லையென்பது உண்மையே. ஆனால் அவருக்குக் காலமில்லாதபடி கதையை அமைத்ததும் அவ்வச்சே. கெடு குறிக்கப்பட்ட உலகில் மனந்திரும்புதலுக்கு நேரமிராது.

5. 1943: நடந்தது

ஏஜியன் கடலில் உண்மையில் நிகழ்ந்தது வேறு. 1943 செப்டம்பரில் இத்தாலி சரணடைந்தபின், பிரிட்டிஷ் படைகள் கோஸ், லேரோஸ் முதலிய தீவுகளில் இறங்கின. போதிய விமானப் பாதுகாப்பு அவற்றிற்குக் கிட்டவில்லை. அக்டோபரில் கோஸ் வீழ்ந்தது. அங்கே பிடிபட்ட இத்தாலிய அதிகாரிகளில் ஏறத்தாழ நூறுபேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். நவம்பர் 12இல் தாக்கப்பட்ட லேரோஸ் 16இல் வீழ்ந்தது, ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டனர். தோல்வியில் முடிந்த அந்நிகழ்ச்சிகளின் பின்னணியிலேயே மக்லீனின் வெற்றிக்கதை எழுந்தது. படம் பெரும்பாலும் ரோட்ஸ் தீவில் எடுக்கப்பட்டது. அத்தீவிலிருந்து 1944 ஜூலையில் 1,600க்கும் மேற்பட்ட யூதர்கள் ஆஷ்விட்ஸ் முகாமிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களை மீட்க எந்தக் கப்பலும் வரவில்லை.

அதே 1943ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், மெய்யான இரகசியப்பணியொன்றில் ஈடுபட்டிருந்த ஓர் இறையியலாளர் பெர்லினில் கைதானார். டீட்ரிக் போன்ஹோஃபர் ஜெர்மானிய இராணுவ உளவுத்துறையின் போர்வையில் இருந்துகொண்டே ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்குகொண்டவர். யூதர் சிலரை சுவிட்சர்லாந்துக்குத் தப்புவித்த முயற்சியிலும் அவருக்குத் தொடர்புண்டு. 1945 ஏப்ரல் 9இல் தூக்கிலிடப்பட்டார். பொய், மறைவு, கொலைத்திட்டம் ஆகிய அனைத்தையும் அவர் அறிந்திருந்தார். அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற அறவியல் நூலின் மையக் கருத்துகளுள் ஒன்று, பொறுப்புடன் செயற்படுகிறவன் குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறான் என்பது. அவன் தேவையைக் காட்டித் தன்னை நீதிமானாக்கிக்கொள்வதில்லை. விதிவிலக்கைப் புதிய விதியாக்குவதுமில்லை. தன் கறைபட்ட கையோடு கடவுளின் இரக்கத்திற்கு முன் நிற்கிறான்.

மாலரிக்கும் போன்ஹோஃபருக்கும் உள்ள வேறுபாடு செயலில் அன்று, செயலுக்குப் பின்வரும் நிலையிலேயே இருக்கிறது. படத்தின் இறுதியை நினைத்துப்பார்ப்போம். மில்லர் தம் வெடிமருந்தைக் குண்டுகளை மேலேற்றும் லிப்டின் அடியில் மறைத்துவைத்திருக்கிறார். லிப்டு இறங்குகிறது, தொடவேண்டிய இடத்திற்குச் சற்று மேலே நின்றுவிடுகிறது, மீண்டும் ஏறுகிறது. பீரங்கிகள் கப்பல்களை நோக்கி முழங்குகின்றன. அரங்கிலுள்ள அனைவரும் மூச்சையடக்கி, அந்த லிப்டு இன்னும் ஒரு சாண் இறங்கவேண்டுமென்று விழைகின்றனர். நாமும் விழைந்தோம் என்பதை மறைக்கமாட்டோம். இறுதியில் மலையே பிளந்து பீரங்கிகள் கடலில் வீழ்கின்றன. அம்முழக்கத்தில் ஃபிராங்க்ளினிடம் சொன்ன பொய்யும் அன்னாவின் உடலும் நம் நினைவிலிருந்து நீங்கிவிடுகின்றன. வெற்றியே பாவமன்னிப்பாகிவிடுகிறது. அச்சு நமக்கு அளிக்கும் ஆறுதல் இதுவே.

6. திருமறையின் இரகசியப் பணிகள்

திருமறையிலும் இரகசியப் பணிகள் உள. எரிகோவுக்கு அனுப்பப்பட்ட வேவுகாரர் இருவரும் (யோசு. 2) வீரச்செயல் ஏதும் செய்ததாகக் கூறப்படவில்லை. ஒரு வேசியின் வீட்டில் தங்கினர், அவளால் காப்பாற்றப்பட்டனர், அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தனர். நகர் அழிக்கப்பட்ட நாளில் அந்த வாக்கு நினைக்கப்பட்டது. எரிகோவின் அழிவு நமக்கு எழுப்பும் கடினமான வினாவை இது தீர்த்துவிடவில்லை. ஆயினும் பணியின் அவசரத்தில் உள்ளூர்ப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு பலியிடப்படவில்லை என்பது கருதத்தக்கது. கிதியோனின் சேனை 32,000 பேரிலிருந்து 300 பேராகக் குறைக்கப்பட்டதும் (நியா. 7) சிலரின் திறமையை உயர்த்திக்காட்ட அன்று, தங்கள் கையே தங்களை இரட்சித்ததென்று எவரும் மேன்மைபாராட்டாதிருக்கவே.

இவையனைத்தினும் நாம் சிந்திக்கவேண்டியது 2 சாமுவேல் 23:13-17. பெத்லகேம் வாசலண்டையிலுள்ள கிணற்றுத் தண்ணீரின்மேல் தாவீது ஆவல்கொண்டான். மூன்று பராக்கிரமசாலிகள் பெலிஸ்தரின் பாளயத்தை ஊடுருவிச்சென்று அதனைக் கொண்டுவந்தனர். பணி வெற்றியாய் முடிந்தது. படமாயின் இங்கே இசை முழங்கியிருக்கும். தாவீதோ அத்தண்ணீரைக் குடிக்க மனமில்லாமல் கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டான். தங்கள் உயிரை எண்ணாமற் போய்வந்த மனிதரின் இரத்தமாகவே அதனைக் கண்டான். பிறர் உயிரின் விலையில் கிடைத்ததைத் தன் வெற்றியாகப் பருகாத ஒரு தலைவனை அங்கே காண்கிறோம்.

அதே அதிகாரம் தாவீதின் பராக்கிரமசாலிகளின் பெயர்ப்பட்டியலோடு முடிகிறது. அப்பட்டியலின் கடைசிப் பெயர் ஏத்தியனாகிய உரியா. தண்ணீரை ஊற்றிய தாவீதும் நிருபத்தைக் கொடுத்தனுப்பிய தாவீதும் ஒருவனே என்பதைத் திருமறை மறைக்கவில்லை. செலவழிக்கப்பட்ட மனிதனின் பெயரை அழியாமற் காத்து, வெற்றிவீரர்களின் வரிசையிலேயே அது எழுதிவைத்திருக்கிறது.

முடிவுரை

இத்தகைய படங்களை நம் வாலிபர் காணலாகாதென்று கூறுவது நமது நோக்கமன்று. இப்படம் திறமையுடன் எடுக்கப்பட்டது. அதில் வரும் தோழமையும் தளராமையும் பாராட்டுக்குரியவை. வாலிபர் கூட்டங்களில் இதனைக் குறித்துக் கலந்துரையாடுவது ஒரு மறையுரையினும் பயன்தரக்கூடும்.

ஆனால் இதனை வெளியிலுள்ளோரின் நோயென்று கருதிவிட்டு நாம் தப்பிவிடலாகாது. பணியின் நலன் கருதி உடன் ஊழியர் ஒருவருக்கு உண்மை மறைக்கப்படும்போதும், நிறுவனத்தின் நற்பெயருக்காக ஒருவர் பலியாக்கப்படும்போதும், அச்சத்தால் இடறியவரைச் சேர்த்துக்கொள்ளக் காலமில்லையென்று சங்கங்களில் நாம் முடிவெடுக்கும்போதும், நமது 'மிஷன்' எந்த அனுப்புதலைச் சேர்ந்தது? பிதா குமாரனை அனுப்பியபோது, பலியாகவேண்டிய அந்த ஒருவர் கணக்கிற்கு வெளியேயிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட வேறொருவர் அல்லர். அனுப்பியவரும் அனுப்பப்பட்டவரும் ஒன்றாயிருந்தனர். அவ்வனுப்புதலின் வழியில் நிற்கும் ஊழியர், தம் பணி வெற்றியாய் முடிந்த நாளிலும் தம் கையைத் தாமே நோக்கிப் பார்ப்பர். தாம் செலவழித்த மனிதரின் பெயர்களை மறவாது தம் மன்றாட்டில் நினைவுகூர்வர்.